டைனிங் டேபிள்ல ஒரு 1963 டேஷ்போர்டு: ரெப்ளிகா ரேஸ் காருக்கு புதுசா எறங்கறவங்களுக்கு

சிங்கப்பூர்ல முழு ரேஸ் காரை வீட்ல வெச்சு கட்ட முடியாது, எச்டிபி அடுக்குமாடி லிஃப்ட்டுக்குள்ள சோபா நுழையறதே பெரும்பாடு. ஆனா டேஷ்போர்டு மட்டும் கட்டலாம். ஒரு மீட்டருக்கு கொஞ்சம் கூடக்கொறைய நீளத்துல ஒரு அலுமினியத் தகடு, முள்ளு வெச்ச வட்ட மீட்டருங்க நாலஞ்சு, அஞ்சாறு சுவிட்ச், கொஞ்சம் வயர், அவ்ளோதான், டைனிங் டேபிள்ல விரிச்சு வெச்சு வேலை பாத்துட்டு சாப்பாட்டு நேரத்துக்கு பாம் ஷெல்டருக்குள்ள, அதான் எல்லாரும் ஸ்டோர் ரூமா வெச்சுருக்கற அந்த ரூமுக்குள்ள தள்ளிடலாம். நான் அப்படித்தான் பண்ணேன். வண்டி ஜோகூர்ல நண்பரோட ஷெட்ல நிக்குது, லோட்டஸ் 23 மாடல்ல ஃபைபர்கிளாஸ் பாடி போட்ட ரெப்ளிகா, அதோட டேஷ் மட்டும் ஈஷூன்ல எங்க வீட்ல பொறந்துச்சு.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இதை சிங்கப்பூர் ரோட்ல ஓட்டலாம்னு கனவு காணாதீங்க. போக்குவரத்த பாத்துக்கற எல்டிஏ கணக்குல கிளாசிக் வண்டின்னா கொறைஞ்சது 35 வயசு ஆகியிருக்கணும், போன வருஷம் செஞ்ச ரெப்ளிகா எவ்ளோ பழசா தெரிஞ்சாலும் அது புது வண்டிதான். ஷோவுக்கு, ஷெட்டுக்கு, சிமுலேட்டர் ரிக்குக்கு, இல்ல சும்மா சுவத்துல மாட்டறதுக்குன்னு கட்டறவங்களுக்குத்தான் இது.

எந்த வண்டி, எந்த நாள்

புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு, "அறுபதுகள் ஸ்டைல்"னு ஒண்ணு மனசுல வெச்சுக்கிட்டு கடைக்கு போறது. அப்படி ஒரு ஸ்டைலே கெடையாது. ஒரு வண்டி, ஒரு வருஷம், முடிஞ்சா ஒரே ஒரு ரேஸ் நாள்னு முடிவு பண்ணுங்க, அதுக்கப்பறம் எதை வாங்கணும், அதவிட முக்கியமா எதை வாங்கக்கூடாதுன்னு தானாவே தெரிஞ்சிடும்.

ஏன்னு ஒரு உதாரணம். 1962ல அப்பர் தாம்சன் ரோட்ல நடந்த சிங்கப்பூர் கிராண்ட் பிரி ரேஸ்ல ஜெயிச்சது யோங் நாம் கீ ஓட்டின ஜாகுவார் ஈ-டைப். ஈ-டைப் டேஷ் பண்ணணும்னு ஒருத்தர் ஆசப்பட்டு நெட்ல கெடைக்கற அழகான போட்டோவ பாத்து நடு பேனல கருப்புல பண்ணிட்டா முடிஞ்சுது கதை, ஏன்னா ஆரம்பத்துல வந்த ஈ-டைப்ல நடு பேனல் புள்ளி புள்ளியா அச்சு குத்துன அலுமினியம், கருப்பு பின்னாடிதான் வந்துச்சு, 1964 கடைசில வந்த 4.2 லிட்டர் வண்டிலல்லாம் கருப்புதான். ரெண்டுமே "அசல்"தான், ஆனா 1962 ரேஸுக்கு ஒண்ணுதான் சரி.

நாங்க எடுத்தது 1963. அந்த வருஷம் தாம்சன் ரோட்ல ஆல்பர்ட் பூன் லோட்டஸ் 23ல ஜெயிச்சார், 1965லயும் அவரே அதே மாடல்ல. நடுவுல 1964ல மழை கொட்டி ரேஸையே பாதில நிறுத்திட்டாங்க, நம்ம ஊரு மழைய பத்தி சொல்லவா வேணும். 1961ல ஆரம்பிச்சு 1973ல நின்ன அந்த ரேஸ் ரோடு இன்னும் இருக்கு, ஒரு ஞாயித்துக்கெழம காலைல நடந்து பாருங்க, கொரங்குங்க உங்க பைய புடுங்காம பாத்துக்கோங்க.

போட்டோ தேடறது

இதுக்கு நம்ம ஊர்ல நல்ல வசதி இருக்கு. நேஷனல் லைப்ரரியோட நியூஸ்பேப்பர்எஸ்ஜில பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் எல்லாம் தேடலாம், தமிழ் முரசு கூட இருக்கு. சில பக்கங்கள வீட்லேர்ந்து தெறக்க முடியாது, லைப்ரரி கம்ப்யூட்டர்லதான் பாக்கணும், போய் ஒரு மத்தியானம் உக்காருங்க ஏசிலயாவது இருக்கலாம். நேஷனல் ஆர்கைவ்ஸோட ஆன்லைன் போட்டோக்களும் இருக்கு.

ஆனா ஒரு சிக்கல், பத்திரிகைக்காரங்க வண்டிய வெளிலேர்ந்துதான் எடுப்பாங்க, டேஷ எவனும் எடுக்க மாட்டான். அதனால உள்ளூர் போட்டோவுல வண்டி நம்பர், கலர், கண்ணாடி எங்க இருக்கு, ஸ்டீயரிங் எப்படின்னு பாத்துக்கோங்க, டேஷுக்கு அதே மாடல் வண்டியோட இங்கிலாந்து போட்டோக்கள தேடுங்க, அந்தக் காலத்து பிட்ல, அதாவது ரேஸ் அன்னிக்கு மெக்கானிக்குங்க வண்டிய பாக்கற எடத்துல எடுத்ததா இருக்கணும். ஏலக் கம்பெனிங்க போடற பளபள கலர் போட்டோவ பாத்து ஏமாறாதீங்க. அந்த வண்டிங்க பல கை மாறி, ரெஸ்டோர் ஆகி, இப்ப நடக்கற ஹிஸ்டாரிக் ரேஸ் ரூலுக்காக கரண்ட மொத்தமா நிறுத்தற கில் சுவிட்ச், ஃபயர் எக்ஸ்டிங்விஷர் பட்டன்லாம் டேஷ்ல ஏறியிருக்கும். 1963ல அதெல்லாம் அங்க இல்ல. நான் மொத ட்ராயிங்ல சிவப்பு கலர்ல ஒரு பெரிய கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, அழகா இருக்குன்னு நானே பாராட்டிக்கிட்டு இருந்தேன். எங்க அங்கிள் ஒருத்தர் இருக்கார், நாப்பது வருஷம் வொர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் பாத்துட்டு "இது எந்த வருஷத்து சுவிட்ச்சு தம்பி"ன்னு மட்டும் கேட்டார். அதோட அழிச்சேன்.

போட்டோலேர்ந்து அளவு எடுக்கறது கஷ்டம் இல்ல. பிரிட்டிஷ் வண்டின்னா பெரும்பாலும் ஸ்மித்ஸ் மீட்டர்தான், சின்ன மீட்டர் ரெண்டு இஞ்ச் வகை, ஓட்டை சுமாரா 52 மில்லி. போட்டோல அந்த மீட்டர் எவ்ளோ அகலம்னு அளந்துட்டா மத்ததெல்லாம் கணக்குதான். நேரா எதிர்ல எடுத்த போட்டோவா இருக்கணும், சாய்வா எடுத்துருந்தா வட்டம் முட்டை மாதிரி தெரியும், அப்ப குறுக்களவ நம்பாதீங்க, முட்டையோட நீளப்பக்கத்த மட்டும் அளங்க.

அட்டையில ஒரு தடவ

தகட்டுல கை வெக்கறதுக்கு முன்னாடி அட்டையில பண்ணுங்க. புளோக்குக்கு கீழ வாய்டு டெக் பக்கத்துல தூக்கிப் போட்டுருக்கற டிவி பெட்டி அட்டை போதும். மீட்டர் அளவுக்கு வட்டம் வெட்டி ஒட்டி, வண்டில வெச்சு, சீட்ல உக்காந்து, ஸ்டீயரிங்க புடிச்சு பாருங்க. ஸ்டீயரிங் கம்பி எந்த மீட்டர மறைக்குதுன்னு இப்ப தெரிஞ்சா ஒரு அட்டை போச்சு, அப்பறமா தெரிஞ்சா ஒரு தகடு போச்சு.

ரேஸ் வண்டில ரெண்டு விஷயம் ரோட் வண்டிக்கு மாறா இருக்கும். பெரும்பாலும் ஸ்பீடோமீட்டரே கெடையாது, எத்தன கிலோமீட்டர்ல போறோம்னு டிரைவருக்கு தெரிய வேண்டிய அவசியம் இல்ல, இஞ்சின் எத்தன சுத்து சுத்துதுங்கறதுதான் முக்கியம். அதனால பெரிய டாக்கோமீட்டர் கண்ணுக்கு நேரா. அடுத்தது, பல டிரைவருங்க டாக்கோவ அப்படியே திருகி மாட்டுவாங்க, கியர் மாத்த வேண்டிய இடம் பன்னெண்டு மணி முள் நிக்கற எடத்துல வர்ற மாதிரி, நம்பரெல்லாம் கோணலா நிக்கும், புதுசா பாக்கறவங்க தப்பா மாட்டிட்டான்னு நெனப்பாங்க. உங்க போட்டோல அப்படி இருந்தா மட்டும் பண்ணுங்க, இல்லன்னா நேரா வைங்க.

தகடு

1.6 மில்லி அலுமினியம். பழைய பிரிட்டிஷ் கணக்குல 16 கேஜ். இதவிட மெல்லிசா வாங்கினா மீட்டர் எடைல அதிரும், தடியா வாங்கினா ஓரம் மடிக்க முடியாம கை வலிக்கும். ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைங்கள்ல வெட்டியே குடுப்பாங்க, பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுன தகடா கேளுங்க, கீறல் விழாது, அந்த ஃபிலிம் மேலயே மார்க்கர்ல வரையலாம்.

ஓட்டைங்கள எல்லாம் மொதல்ல போடுங்க, மடிக்கறது அப்பறம். தட்டையா இருக்கறப்பதான் கீழ ஒரு பலகைய குடுத்து ரெண்டையும் சேத்து க்ளாம்ப் பண்ணி, வட்டமா வெட்டற ஹோல் சாவ ட்ரில்ல மாட்டி ஓட்ட முடியும். பலகை இல்லாம ஓட்டினா தகடு பல்லுல மாட்டி சுத்தும், கை போயிடும், வெளையாட்டு இல்ல. மெதுவான ஸ்பீடு, அப்பப்ப ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் இல்ல டபிள்யூடி-40. 52 வேணும்னா ஒரு மில்லி சின்னதா போட்டுட்டு அரைவட்ட அரத்தால ராவி பெருசாக்குங்க, சின்ன ஓட்டைய பெருசாக்கலாம், பெரிய ஓட்டைய சின்னதாக்க முடியாது. டாக்கோ 80 மில்லியும் வரும் 100 மில்லியும் வரும், கையில மீட்டர் வர்ற வரைக்கும் அந்த ஓட்டைய தொடாதீங்க. நான் தொட்டேன். ஆன்லைன்ல ஒருத்தர் 80னு போட்டுருந்தார், வந்தத கேலிப்பர் வெச்சு அளந்தா அதவிட சின்னது, மீட்டர் ஓட்டைக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் என் மடில விழுந்துச்சு. ஒரு தகடும் மூணு சாயங்காலமும் வீண்.

சத்தம் வேற இருக்கு. எச்டிபி வீட்ல ராத்திரிலயும் ஞாயித்துக்கெழமயும் ட்ரில் போடாதீங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி மொத தடவ சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க, ரெண்டாவது தடவ சிரிக்க மாட்டாங்க.

மேல்பூச்சு

இங்கயும் போட்டோ சொல்றதுதான் சட்டம். வெறும் அலுமினியமா, மேட் கருப்பா, வினைல் ஒட்டினதா, க்ராக்கிள்னு சொல்ற சுருக்கம் விழுந்த கருப்பான்னு பாருங்க. வெறும் அலுமினியம்னா 400 நம்பர் சாண்ட் பேப்பர்ல ஒரே திசைல தேச்சு விட்டுடுங்க, கண்ணாடி மாதிரி பாலிஷ் போடாதீங்க, வெயில்ல டிரைவர் கண்ணு கூசும். அந்த மீன் செதில் மாதிரி வட்ட வட்டமா டிசைன் போடறது புகாட்டி மாதிரி ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி வந்த வண்டிங்களோட அடையாளம், பாக்க ஷியோக்கா இருக்கும் ஆனா 1963 சின்ன ரேஸ் கார்ல அது வேஷம்தான்.

க்ராக்கிள் பெயிண்ட் பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா எல்லாரும் வழுக்கி விழற எடம் இதுதான். அலுமினியத்துல நேரா பெயிண்ட் ஒட்டாது, எட்ச் ப்ரைமர் வேணும். அது காஞ்சதும் க்ராக்கிள மூணு கோட் அடிக்கணும், மொதல்ல எடமிருந்து வலம், அடுத்தது மேலேர்ந்து கீழ, மூணாவது குறுக்கால, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம், டப்பால என்ன நேரம் போட்டுருக்கோ அதையே பாருங்க. தடியா அடிக்கணும், வழிஞ்சிடுமோன்னு பயப்படற அளவுக்கு. நான் பயந்து மெல்லிசா அடிச்சேன், சுருக்கமே விழல, பழைய ரைஸ் குக்கர் மூடி மாதிரி வழவழன்னு நின்னுச்சு. தடிமன் எடத்துக்கு எடம் மாறினா ஒரு பக்கம் பெரிய சுருக்கம் இன்னொரு பக்கம் பொடிசா விழும்.

சூடு குடுத்தாத்தான் சுருக்கம் ஒரே மாதிரி வரும். ஹீட் கன்ன தூரமா வெச்சு மெதுவா நகத்திக்கிட்டே போங்க, ஒரு ஓரத்துல சுருங்க ஆரம்பிச்சதும் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கும், பால்ல ஆடை கட்டற மாதிரி மெல்ல நடுவுக்கு நகந்து வரும். சமைக்கற அவன்ல வெக்கவே வெக்காதீங்க, அந்த நாத்தமும் சால்வெண்டும் அப்பறம் கேக்குல வரும், வீட்டுக்காரம்மா கிட்ட நான் வாங்கின பேச்சு இன்னொரு கட்டுரைக்கு ஆகும். காத்தோட்டமான எடம், மாஸ்க், பக்கத்துல நெருப்பு எதுவும் இல்லாம. மழை வர்ற மாதிரி இருந்தா அன்னிக்கு விட்டுடுங்க, நம்ம ஊரு ஈரத்துல பெயிண்ட் வெளுத்துப்போய் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும்.

மீட்டருங்க

காசு போற எடம். மூணு வழி இருக்கு: அசல் பழசு, புதுசா செஞ்ச நகல், இல்ல நீங்களே முகப்பு பிரிண்ட் பண்ணி செய்யறது. வண்டி ஓடப்போகுதுன்னா ஆயில் பிரஷரும் டாக்கோவும் உண்மையா வேலை செய்யணும், அங்க கஞ்சத்தனம் வேணாம்.

அந்தக் கால ரேஸ் வண்டிங்கள்ல பேர் போனது ஸ்மித்ஸ் க்ரோனோமெட்ரிக் டாக்கோ. உள்ள கடிகாரம் மாதிரி பல்சக்கரம் இருக்கு, இஞ்சின்லேர்ந்து கேபிள் வந்து சுத்தும், குறிப்பிட்ட ஒரு துளி நேரத்துல எத்தன சுத்துன்னு எண்ணி முள்ள அந்த எடத்துல கொண்டுபோய் வெக்கும், திரும்ப எண்ணும், திரும்ப வெக்கும். அதனால முள் வழுக்கிக்கிட்டு ஏறாது, டக்... டக்...னு படி ஏறும். அதிர்வுல ஆடாது, அதான் ரேஸ்காரங்களுக்கு புடிச்சுது. சிலதுல டெல்-டேல்னு இன்னொரு முள் இருக்கும், டிரைவர் இஞ்சின எவ்ளோ தூரம் மெரட்டினானோ அந்த உச்சத்துலயே நின்னுடும், பிட்டுக்கு வந்ததும் மெக்கானிக் பாத்துட்டு கேப்பான், பொய் சொல்ல முடியாது. எங்க அங்கிள் பழைய க்ரோனோமெட்ரிக் ஒண்ண கையால சுத்தி காதுகிட்ட வெச்சு கேட்டார், டிக்டிக் சீரா வந்தா நல்லது, நடுவுல தடுக்கினா உள்ள அழுக்கு இல்ல தேய்மானம், வெலைய கொறச்சு பேசுன்னார்.

பழைய வண்டிக்குன்னு எலக்ட்ரிக் ஸ்மித்ஸ் டாக்கோ வாங்கினா முகப்புல கீழ ஆர்விஐனு சின்னதா எழுதியிருக்கான்னு பாருங்க. அது இக்னிஷன் காயிலுக்கு போற வயர்ல ஓடற கரண்ட் துடிப்ப எண்ணற வகை, மாடர்ன் எலக்ட்ரானிக் இக்னிஷனோட பல நேரம் ஒத்துப்போகாது, முள் பேய் புடிச்ச மாதிரி ஆடும். உள்ள இருக்கற சர்க்யூட்ட மாத்தி புதுசு வெச்சு வெளிய அப்படியே பழசா வெச்சுக்கலாம். அப்பறம் அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிங்க நெறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ் முனைய பாடில சேத்துருப்பாங்க, மீட்டர் எந்த வகைன்னு தெரியாம பேட்டரி குடுத்தா ஒரே புகைல கதை முடியும்.

சும்மா ஷோவுக்குன்னா இன்னொரு வேடிக்கை இருக்கு. எக்ஸ்27.168னு ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார், 315 டிகிரி திரும்பும், மாடர்ன் காரு மீட்டருக்குள்ள இருக்கறதுதான். அதையும் ஆர்டுவினோன்னு ப்ரோக்ராம் எழுதக்கூடிய ஒரு சின்ன சர்க்யூட் போர்டையும் சேத்து, முள் வழுக்காம ஒரு செகண்டுக்கு ஒரு தடவ தாவற மாதிரி ப்ரோக்ராம் எழுதினா அப்படியே க்ரோனோமெட்ரிக் நடை வந்துடும். ஆர்டுவினோ, வயர், ரெசிஸ்டர் எல்லாம் சிம் லிம் டவர்ல கெடைக்கும், ஸ்கொயர் இல்ல டவர், ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

ஆயில் பிரஷர் மீட்டர் அந்தக் காலத்துல வயர் இல்ல, இஞ்சின்லேர்ந்து சின்ன குழாய் வழியா சூடான ஆயிலே டேஷ் வரைக்கும் வரும், உள்ள ஒரு வளைஞ்ச பித்தளைக் குழாய் பிரஷர்ல நிமிரும், அது முள்ள தள்ளும். இஞ்சின் பின்னால இருக்கற வண்டின்னா குழாய் டிரைவர தாண்டி வரணும், வழில எங்கயும் உரசாம கிளிப் போடுங்க, இஞ்சின் பக்கத்துல ரெண்டு மூணு சுத்து சுருள் விடுங்க, அதிர்வுல முறியாது. தண்ணி சூட்டு மீட்டர் இன்னும் நோஞ்சான், மெல்லிசு குழாயோட நுனில ஒரு குமிழ், உள்ள ஆவியாகற திரவம். அந்தக் குழாய் நீளமா இருக்குன்னு வெட்டிடாதீங்க, வெட்டினா மீட்டர் செத்துது, மிச்சத்த சுருட்டி வைங்க.

இன்னொரு எச்சரிக்கை, பழைய விமான மீட்டர், போருக்கு முன்னாடி உள்ள மீட்டர் கெடச்சா சந்தோஷத்துல கண்ணாடிய தெறக்காதீங்க. இருட்டுல ஒளிரணும்னு அதுல ரேடியம் பெயிண்ட் போட்டுருப்பாங்க, ஒளி செத்துப்போயிருக்கும், ரேடியம் சாகாது, 1,600 வருஷம் ஆனாத்தான் பாதியாகும். உதிர்ற தூள் மூச்சுல போறதுதான் ஆபத்து. விட்டுடுங்க, வாங்காதீங்க.

முகப்பு நீங்களே பிரிண்ட் பண்றதா இருந்தா எழுத்துதான் உயிர். கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபாண்ட்ட போடாதீங்க, ஏரியல் 1982ல வந்தது, 1963 வண்டில அது கெடந்தா ஜிப்பா போட்ட ராஜராஜன் மாதிரி. போட்டோவ இங்க்ஸ்கேப்னு வரையற சாஃப்ட்வேர்ல போட்டு நம்பர ஒவ்வொண்ணா கோடு இழுத்து வரைங்க, ஒரு சாயங்காலம் போகும், போகட்டும். பளிச்னு வெள்ளை வேணாம், கொஞ்சம் பழுப்பேறின வெள்ளை. நான் பிரிண்ட் பண்ணது பளீர்னு இருந்துச்சு, பால் சக்கரை இல்லாத கோப்பி-ஓ கோசோங்ல தண்ணி கலந்து பிரஷ்ல ஒரு பூச்சு பூசி காய வெச்சேன், சரியாயிடுச்சு. பால் கோப்பில பண்ணாதீங்க, எறும்பு வரும். மூடறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் சிலிக்கா ஜெல்லோட டப்பால போட்டு வைங்க, இல்லன்னா கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்க்கும்.

சுவிட்ச், லேபிள், ஸ்க்ரூ

சுவிட்ச் மேலயும் கீழயும் தட்டற உலோக டாகிள்தான், நுனி உருண்டையா இல்ல மெல்ல அகலமா. சிவப்பு மூடி போட்ட மிசைல் சுவிட்ச் சினிமாவுக்கு. எச்சரிக்கை வெளக்குல எல்இடி போட்டா மஞ்சள் கலந்த வெள்ளையா பாத்து போடுங்க, நீலம் அடிக்கற எல்இடி ஒண்ணு இருந்தா போதும் மொத்த டேஷும் பொய்யாயிடும்.

லேபிள் நெறைய பேர் பாக்காத எடம். பல வண்டில லேபிளே இருக்காது, டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் எது எதுன்னு தெரியும், போதும். இருந்தா ரெண்டு மூணு வகை, செதுக்கின பிளாஸ்டிக் தகடு, கையால பெயிண்ட்ல எழுதினது, இல்லன்னா டைமோ டேப். டைமோ 1958ல வந்தது, அதனால 1963க்கு சரி, 1955 வண்டிக்கு தப்பு. சக்கரத்த திருகி ஒவ்வொரு எழுத்தா டக்குனு அமுக்கறது, பிளாஸ்டிக் இழுபட்ட எடம் வெளுக்கறதாலதான் எழுத்து வெள்ளையா தெரியுது. அதுனாலயே சூடு பட்டா அந்த வெளுப்பு மங்கிடும், ஷெட்டுக்கு வெளிய மத்தியான வெயில்ல நிறுத்தினா சீக்கிரமே எழுத்து காணாம போயிடும். ஒரு டேப் உபரியா வெச்சுக்கோங்க. கொஞ்சம் கோணலா ஒட்டுங்க, ஸ்கேல் வெச்சு ஒட்டினா ஆஃபீஸ் ஃபைல் மாதிரி இருக்கும்.

ஸ்க்ரூ எல்லாம் ஒத்தக் கோடு தலை. நட்சத்திரத் தலை, அறுகோண ஆலன் தலை ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ பளபளன்னு கைக்கு சுலபமா கெடைக்கும், அதுதான் மொதல்ல காட்டிக்குடுக்கும்.

பின்பக்கம்

யாரும் பாக்க மாட்டாங்கன்னு விடாதீங்க, தெறந்த வண்டில குனிஞ்சா எல்லாம் தெரியும். லூக்காஸ் கலர் முறை கத்துக்கோங்க, கஷ்டம் இல்ல: பழுப்பு பேட்டரிலேர்ந்து நேரா வர்றது, வெள்ளை இக்னிஷன் வழியா, பச்சை இக்னிஷன் வழியா ஃபியூஸ் தாண்டி, சிவப்பு சைடு லைட், நீலம் ஹெட்லைட், கருப்பு எர்த். ஐம்பதுகள் வண்டின்னா துணி சுத்தின வயர், அறுபதுகள் நடுவுக்கு வந்தா பிவிசி, 1963க்கு ரெண்டும் பாத்துருக்கேன், உங்க போட்டோவ கேளுங்க. கேபிள் டை போடாதீங்க. அது 1958ல விமான வயருக்காக வந்த சாமான், அப்ப சின்ன ரேஸ் டீம் கிட்ட இருக்கல, மெழுகு நூலால கட்டுங்க இல்ல துணி டேப் சுத்துங்க. நூல் கட்டறது பூ கட்டற மாதிரிதான், லிட்டில் இந்தியா தேக்காவுல பூக்கடை அக்கா விரல் ஓடறத பத்து நிமிஷம் பாத்தா வந்துடும்.

ஒரே ஒரு எடத்துல அசல் மாதிரி பண்ணாதீங்க. அந்தக் கால பிரிட்டிஷ் வண்டில நெறையவே ரெண்டே ஃபியூஸ்தான், மத்த வயரெல்லாம் கடவுள் பாத்துக்குவார். வண்டி ஓடப்போகுதுன்னா மாடர்ன் ஃபியூஸ் பாக்ஸ் ஒண்ணும் மெயின் கட்-ஆஃபும் சீட்டுக்கு கீழ மறைச்சு வெச்சுடுங்க. கண்ணுக்கு 1963, கரண்டுக்கு இன்னிக்கு தேதி.

பழசாக்கறது கடைசில, அதுவும் கம்மியா. ரேஸ் நாள் அன்னிக்கு அந்த வண்டி புதுசு, அறுபது வருஷத்து துருவ அதுல ஏத்தாதீங்க. கை படற எடம், அதாவது சுவிட்ச்ச சுத்தி, ஸ்டார்ட்டர் பட்டன் ஓரம், அங்க மட்டும் ஸ்காட்ச்-ப்ரைட்டால நாலு தேய்ப்பு.

எல்லாம் மாட்டினதும் ஃபோன்ல கருப்பு வெள்ளைல ஒரு போட்டோ எடுங்க, பழைய போட்டோ என்ன உயரத்துலேர்ந்து எடுத்ததோ அதே உயரத்துல. ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க, கலர் போயிட்டா பளபளப்பும் தப்பான வெள்ளையும் தனியா துருத்திக்கிட்டு நிக்கும். என்னோடதுல ஒரு மீட்டர் வளையம் மட்டும் அதிகமா மின்னுச்சு, அத கழட்டி மங்கலாக்கினேன். ஜோகூருக்கு கொண்டுபோய் வண்டில ஏத்தி அங்கிள உக்கார வெச்சோம். கண்ணாடிய நெத்திக்கு தூக்கிக்கிட்டு ஒண்ணொண்ணா தொட்டு பாத்தார், டாக்கோ, சுவிட்ச், லேபிள், ஒண்ணும் சொல்லல. அப்பறம் ஸ்டீயரிங்குக்கு கீழ கைய விட்டு தடவி, "இந்த ஒரு ஸ்க்ரூ மட்டும் நட்சத்திரமா இருக்கே"ன்னார்.